ராடெக் நீச்சல் நிதி

ராடெக் ஊரில் யாரும் யாரையும் பார்த்து "முடியாது" என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. "பார்க்கலாம்" என்பார்கள். "அடுத்த வருஷம் ஆகட்டுமே" என்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். நெப்ராஸ்காவின் நடுவில், மக்காச்சோளக் காடுகளுக்கு இடையே, முந்நூற்று எண்பது பேர் இப்படி ஒருவர் மனம் ஒருவர் நோகாமல் நூறு வருஷத்துக்கு மேலாகக் காலம் தள்ளிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கமிட்டி நடத்துவது எவ்வளவு பெரிய பாடு என்பது லாடி கூபிக்குக்குத் தெரியும். பதினாறு வருஷமாக அவர் ஊர் நிதிக் கமிட்டியில் இருக்கிறார். மொத்தம் ஐந்து பேர். பணம் இவர்கள் கையில் இல்லை. தலைநகரில் இருக்கிற மாநில அறக்கட்டளையிடம் இருக்கிறது. மாநிலத்தின் மூலை முடுக்கிலுள்ள ஊர்களின் நிதியை எல்லாம் அவர்கள் ஒன்றாக வைத்துப் பராமரிப்பார்கள். முதல் தொகையைத் தொடாமல், அதிலிருந்து வருகிற வருமானத்தை அந்தந்த ஊர்க்காரர்கள் கைகாட்டுகிற நல்ல காரியத்துக்குக் கொடுப்பார்கள். நூலகத்துக்குக் கூரை, நடமாட முடியாதவர்களுக்கு மதியச் சாப்பாடு, கல்லறைத் தோட்டத்துக்கு வேலி. கைகாட்டுவதுதான் கமிட்டியின் வேலை.

அறக்கட்டளையின் சட்டம் ஒன்று உண்டு. உதவி கேட்கிறவர் உங்களுக்குச் சொந்தமாக இருந்தாலோ, அந்தக் காரியத்தில் உங்களுக்கு ஏதாவது சம்பந்தம் இருந்தாலோ, அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்வரை அறைக்கு வெளியே போய்விட வேண்டும். ராடெக்கில் இதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். சம்பந்தப்பட்டவர் தொண்டையைக் கனைப்பார், காபிக் கோப்பையை எடுத்துக்கொள்வார், வெளியே தாழ்வாரத்தில் போய் உட்காருவார். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு என்பதால் கோப்பைகள் போவதும் வருவதுமாகவே கூட்டம் நடக்கும். ஒருமுறை தேவாலயத்து மணிக்கூண்டு விஷயம் வந்தபோது ஐந்து பேரும் ஐந்து கோப்பையோடு வெளியேறிவிட்டார்கள். அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த பிரிட்டா மட்டும் கசகசா வைத்த கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டித் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் ஒரு குளிர்காலம் முழுக்கச் சிரித்தது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை லாடி தன் கோப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு வயது எழுபத்து நாலு. எழுந்திருக்கும்போது முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. உதவி கேட்டு வந்திருந்தது அவருடைய மனைவி அல்பினா என்பதால் அவர் வெளியே போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அது சரிதான். ஆனால் அவர் போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அல்பினா கேட்டு வந்த பணம் அவருடையது. இது அந்த அறையில் பிரிட்டா ஒருத்திக்குத்தான் தெரியும், அல்பினாவுக்குத் தெரியாது.

கதை முப்பத்து நாலு வருஷத்துக்கு முந்தியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து விவசாயிகளுக்குப் போதாத காலம். வட்டி ஏறிக்கொண்டே போனது, நிலத்தின் விலை அதலபாதாளத்துக்கு இறங்கியது, வாரம் தவறாமல் யாராவது ஒருவருடைய டிராக்டர் ஏலத்துக்கு வந்தது. அந்த ஜூன் மாதம் லாடியின் ஒரே மகள், ஒன்பது வயது ஜனெல், ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் நடக்கிற வகுப்புக்குப் போகிறேன் என்று அவரிடம் கேட்டாள். புல் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். தினமும் காலையில் அவளை ஊருக்குள் கொண்டுபோய் விட ஆள் இல்லை. அல்பினா கில்மன் நகரத்து முதியோர் இல்லத்தில் பகல் வேலையில் இருந்தாள். லாடி தலைமுறை தலைமுறையாக ராடெக்கில் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார். அடுத்த கோடையில் பார்க்கலாம்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி, மாடுகள் தண்ணீர் குடிக்கிற குட்டையில் ஜனெல் இறங்கினாள். வெயில் அப்படி. தூக்கிக்கொண்டு வந்தது லாடிதான். அதைப் பற்றி அவர் இதுநாள்வரை யாரிடமும் பேசியதில்லை. இங்கேயும் நீட்டி முழக்க வேண்டியதில்லை.

அடுத்த வசந்தத்தில், சித்தப்பா எழுதி வைத்துவிட்டுப் போன எண்பது ஏக்கரை லாடி விற்றார். வங்கி கழுத்தை நெரிக்கிறது என்று அல்பினாவிடம் சொன்னார். அந்த வருஷம் அப்படிச் சொல்லாத வீடே இல்லாததால் அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை, பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதியோர் இல்லத்தில் கூடுதல் வேலைக்குச் சொல்லி வைத்தாள். வங்கிக்கு ஒரு காசு போகவில்லை. மொத்தப் பணமும் அறக்கட்டளைக்குப் போனது. ராடெக் குழந்தைகள் ஒவ்வொருவரும் ஊர்க் குளத்தில் இலவசமாக நீச்சல் கற்க வேண்டும், கொடுத்தவர் பெயர் வெளியே வரக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். பெயர் தெரியாத அந்தப் புண்ணியவான் யார் என்று ஊர் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது. கலிஃபோர்னியாவுக்குக் குடிபோன பல் டாக்டரைச் சந்தேகப்பட்டார்கள், வாரிசில்லாமல் செத்துப்போன தபால்காரரைச் சந்தேகப்பட்டார்கள். லாடியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. கண்ணெதிரே நிலத்தை இழந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபர் மாதம், கில்மனில் ஒரு காபிக் கடையில் அறக்கட்டளைக்காரர்கள் அவரைச் சந்தித்து, அந்தக் கோடையில் எத்தனை குழந்தைகள் நீச்சல் கற்றார்கள் என்று சொல்வார்கள். முதல் வருஷம் முப்பத்தொன்று. அதிகபட்சம் நாற்பத்து நாலு. போன வருஷம் ஆறு. அந்த எண்ணைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்புவார். மனிதருக்கு வருஷம் முழுக்க இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

இந்த மே மாதம் குளத்தை மூடிவிட்டார்கள். சிமென்ட் அடித்தளம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது, சரிசெய்ய ஊரில் வசதி இல்லை. லாரி லாரியாக மண்ணைக் கொட்டினார்கள், ஒரு நாள் வேலை. குளம் போனதும் நீச்சல் நிதி அந்தரத்தில் தொங்கியது. அதை எதற்குத் திருப்புவது என்பதுதான் அன்றைக்குக் கமிட்டியில் பேச்சு. பள்ளிக்கூட ஆசிரியை ஆர்லிஸ், ஊரில் மிச்சமிருக்கிற பதினொரு குழந்தைகளையும் பஸ்ஸில் கில்மன் குளத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அல்பினா ஊர் ஆம்புலன்ஸுக்குக் கேட்டிருந்தாள். ஜனெல் போன மறு வருஷம் ராடெக்கில் தொண்டர்களை வைத்து ஆம்புலன்ஸ் ஆரம்பித்தபோது முதல் ஆளாகப் பயிற்சிக்குப் போனவள் அவள்தான். இன்றைக்கு எழுபத்தொரு வயதிலும் இடுப்பில் அவசர அழைப்பு வந்தால் ஒலிக்கிற கருவியைச் செருகிக்கொண்டுதான் சமைக்கிறாள்.

தாழ்வாரத்து நாற்காலியில் லாடி கோப்பையோடு உட்கார்ந்தார். தரை மேலெழும்பியதிலிருந்து அந்தக் கதவு முழுசாகச் சாத்த வருவதில்லை. உள்ளே பேசுவது தெள்ளத் தெளிவாகக் கேட்டது. ஒட்டுக்கேட்கக் கூடாது என்று எழுந்து போகிற வழக்கமும் ராடெக்கில் இல்லை. காதில் விழுந்ததை விழாத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதை.

அல்பினா ஆம்புலன்ஸின் நிலைமையை எடுத்துச் சொன்னாள். தொண்டர்கள் ஆறு பேர், அதில் நாலு பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். வயசுப் பிள்ளைகள் எல்லாரும் பகலில் வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வேலையை விட்டு ஊரில் காத்திருக்கிறவர்களுக்கு ஏதாவது கொடுத்தால்தான் வருவார்கள். இல்லையென்றால் புத்தாண்டோடு வண்டியைக் கில்மனுக்கு ஒப்படைத்துவிட வேண்டியதுதான். போன மாதம் அழைப்பு வந்தபோது ஊரில் இருந்தது தானும் வெர்னனும் மட்டுமே என்றும், வெர்னனுக்கு ஒரு கண் தெரியாது என்றும் சொன்னாள். யாரோ சிரித்தார்கள்.

கமிட்டித் தலைவர் மில்டன் தானியக் கிடங்கு வைத்திருப்பவர். நல்ல மனுஷர், நாக்குக்குத்தான் கடிவாளம் கிடையாது. "எல்லாம் சரி அல்பினா," என்றார். "ஆனா புள்ளைங்க நீச்சல் கத்துக்கறதும் உசுரு சம்பந்தப்பட்டதுதானே. உனக்குத் தெரியாததா?"

முப்பத்து நாலு வருஷத்தில் அவள் முன்னால் அந்தப் பேச்சை இவ்வளவு கிட்டத்தில் கொண்டுவந்தவர்கள் யாருமில்லை. லாடி கோப்பையைத் தரையில் வைத்தார்.

"எம் பொண்ணப் புல்லுல கிடத்தியிருந்தாங்க மில்டன்," என்றாள் அல்பினா. குரல் உயரவே இல்லை. "நான் வேலைலேருந்து ஓடியாந்து பாத்தப்ப அவளுக்கு மூச்சு இருந்துச்சு. லேசா இருந்துச்சு. அப்ப நம்மூருக்கு ஏது வண்டி? கில்மன் வண்டிதான், அது வேற எங்கயோ போயிருந்துச்சு, அங்கேருந்து வரணும். அம்பத்திரெண்டு நிமிஷம். நான் அவ வாயில ஊதிக்கிட்டே இருந்தேன். வண்டி திரும்பறப்போ நின்னு போச்சு. அந்த வண்டி வீதி முக்குல திரும்பறதை நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீச்சல் தெரியாததால எம் பொண்ணு சாகல. வண்டி வராததால செத்தா."

லாடிக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மகளைக் கொன்றது தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் என்று முப்பத்து நாலு வருஷம் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியவருக்கு, இல்லை, அது வேறு என்று பெற்றவளே சொல்கிறாள். ஆனால் ஆறுதல் வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் உருளைக்கிழங்கைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டு, அவர் ஒரு சாவுக்கும் அவள் வேறொரு சாவுக்கும் துக்கம் காத்து வந்திருக்கிறார்கள் என்பதுதான் உறைத்தது. அவர் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் வண்டியை நேரத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கையைத் தூக்கச் சொன்னார்கள். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். பிரிட்டாதான் முடிச்சை அவிழ்த்தாள்: இப்படி ஊர் இரண்டுபட்டால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறபட்சத்தில் அவரையே கேட்டுவிடுவது அறக்கட்டளையின் வழக்கம் என்றாள். உயிரோடு இருக்கிறாரா என்று மில்டன் கேட்டார். இருக்கிறார் என்றாள். எந்த ஊர் என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. லாடியை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, அடுத்து வந்த கல்லறைத் தோட்டத்து வேலி விஷயத்துக்குக் கை தூக்கினார்.

பத்து நாள் கழித்துக் கில்மன் காபிக் கடையில் பிரிட்டா காகிதங்களை விரித்தாள். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் இந்த வேலைக்கென்றே பிறந்தவள். எதிரே இருப்பவர் பேசும்வரை காத்திருக்கத் தெரிந்தவள். இரண்டு காரியத்துக்கும் பிரித்துக் கொடுக்க முடியாதா என்று லாடி கேட்டார். முடியாது என்றாள் அவள், ராடெக்காரி இல்லை என்பதால் நேராகவே. வருகிற வருமானம் ஒன்றுக்குத்தான் காணும், பாதிப் பாதியாகக் கொடுத்தால் பஸ்ஸும் ஓடாது, வண்டியும் ஓடாது. அவர் என்ன சொன்னாலும் அறக்கட்டளை அதை நடத்தும், அவசரமே இல்லை என்றும் சொன்னாள்.

லாடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு குழந்தைகள். அதில் மூன்று பேர் குட்டை இருக்கிற பண்ணைகளில் இருக்கிறார்கள், அவருக்கு வீடு வீடாகத் தெரியும். இந்தக் கையெழுத்தைப் போட்டால் அடுத்த அக்டோபரில் தனக்குச் சொல்ல யாரிடமும் ஓர் எண் இருக்காது என்பதும் தெரியும். தன் பாவத்துக்கு என்று வைத்துக்கொண்ட ஒரே கணக்கை அவர் அன்றோடு மூடிவிட வேண்டும். மூடத்தான் வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அல்பினா அந்த அறையில் பேசியதைக் கேட்ட பிறகு, அவளுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு எழவில்லை.

ஆம்புலன்ஸ் என்று எழுதியிருந்த கட்டத்தில் குறி போட்டார்.

"அவங்களுக்குத் தெரியுமா, மிஸ்டர் கூபிக்?" என்று கேட்டாள் பிரிட்டா.

"தெரியாது."

"நீங்க சொல்லலாமே. நாங்கதான் சொல்லக்கூடாது. நீங்க சொல்றதுக்குத் தடையே இல்ல."

"சொல்றேன்மா. இந்த அறுப்பு முடியட்டும். அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தவர் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொல்கிறோம் என்பது தன் காதிலேயே விழுந்துவிட்டது. அவர் மகளிடம் சொன்ன அந்தச் சொல்லைப் பற்றிப் பிரிட்டாவுக்குத் தெரியாது. காபிக்கு மேல் கொஞ்சம் பால் விடவா என்று கேட்டாள். மனிதர் தலையை ஆட்டினார்.

செய்தி ராடெக்குக்கு வந்த அன்று ஆம்புலன்ஸ்காரர்கள் தீயணைப்புக் கொட்டகையில் கேக் வெட்டினார்கள். பெயர் தெரியாதவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும், அறக்கட்டளை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றார்கள். வேலை அல்பினா தலையில் விழுந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். லாடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நன்றி என்று நாலு வரி எழுத இவ்வளவு நேரமா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் கழுவின தட்டையே திரும்பக் கழுவினார். மூன்று தாள் ஆயிற்று.

"முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்கு என்னத்த எழுதறது லாடி?" என்றாள் நடுவில்.

"தோணினத எழுது," என்றார் அவர்.

எழுதி முடித்ததும் அவரிடம் காட்டாமல் உறையில் போட்டு ஒட்டினாள். அவளுடைய எந்தக் கடிதத்தையும் அவர் பார்க்கக் கேட்டதில்லை, அதனால் அது வித்தியாசமாகவும் தெரியவில்லை.

அறுப்பு பாதி நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டா அந்த உறையைக் கில்மனுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவருக்கு வீட்டுக்குப் போய்ப் பிரிக்க வழியில்லை. தீவனக் கடைக்கு முன்னால் பிக்கப்பை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டிக்குள்ளேயே படித்தார்.

"அன்புள்ள ஐயா அல்லது அம்மா, ராடெக் ஆம்புலன்ஸ் குழுவின் சார்பில் உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. இந்த வரி எல்லாரும் சேர்ந்து எழுதச் சொன்னது. மீதியை நான் எழுதுகிறேன். நீங்கள் யாரென்று தெரியாததால்தான் எழுத முடிகிறது.

"வண்டி வராததால் என் மகள் இறந்தாள் என்று நான் கமிட்டியில் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் பாதிதான். அந்தக் கோடையில் நீச்சல் வகுப்புக்கான ஃபாரம் என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஆறு வாரம் தொங்கியது. போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை ரொம்ப இறுக்கமான வருஷம். அவளும் வாயைத் திறந்து கேட்கவில்லை. இஷ்டமில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எப்படியாவது சேர்த்திருப்பேன். கேட்கவே இல்லை. என் பெண் வீட்டு நிலைமை தெரிந்து கேட்காமல் இருந்துவிட்டாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

"அடுத்த கோடையில் நீங்கள் வந்தீர்கள். ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம் என்றார்கள். எல்லாரும் உங்களை வாயார வாழ்த்தினார்கள். நான் உங்களை வெறுத்தேன். மன்னிக்க வேண்டும், ஆனால் அதுதான் உண்மை. குளத்துத் தெரு வழியாக நான் நடந்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு ஒன்றுதான் தோன்றும். ஒரே ஒரு கோடை முந்தி வந்திருக்கக் கூடாதா? உங்களிடம் அப்போதும் பணம் இருந்திருக்குமே.

"இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை. அவர் மகளையும் பறிகொடுத்து, அடுத்த வருஷம் நிலத்தையும் பறிகொடுத்தவர். அவருக்கு மேல் இதையும் தூக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது உங்கள் மேல் வெறுப்பு இல்லை. வயதாகிவிட்டது. நீங்களும் ஏதோ ஒரு குழந்தையை நினைத்துத்தான் கொடுத்திருப்பீர்கள். அல்பினா கூபிக்."

தீவனக் கடைக்காரர் வண்டிக் கண்ணாடியைத் தட்டி, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றார் லாடி. அதன் பிறகும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கிளப்ப முடியவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் தன்னை ஒரு சொல்லுக்காகத் தண்டித்துக்கொண்டிருந்தார். அவள் தன்னை, மகள் சொல்லவே இல்லை என்று நினைத்த ஒரு சொல்லுக்காகத் தண்டித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய தண்டனை வீண். ஜனெல் கேட்டாள். அது தெரிந்த ஒரே ஆள் அவர். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர். அவளுக்கு வேண்டாத ஒரு சுமையை இத்தனை வருஷமும் அவர்தான் ஏற்றி வைத்திருக்கிறார்.

வீட்டில் அல்பினா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். லாடி தொப்பியைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து, கடிதத்தை மேசையில் வைத்தார். தன் கையெழுத்தை அவள் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொண்டாள்.

"இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"எனக்குத்தானே எழுதியிருக்க," என்றார் லாடி.

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. எண்பது ஏக்கர், வங்கி, பத்திரம் என்று ஒவ்வொன்றாக அவள் கண்ணில் வந்து போனது அவருக்குத் தெரிந்தது. பட்டாணித் தோலை மெதுவாகத் தட்டில் வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை, கடிதத்தின் மேலாகக் கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படி அவள் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் பிடித்ததைப் போல இறுக்கமாகப் பிடித்தாள். லாடிக்கு ஒரு கணம் ஆசை வந்துவிட்டது. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நல்லவனாகவே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை.

"அவ கேக்கலன்னு எழுதியிருக்க," என்றார். "கேட்டா அல்பினா. எங்கிட்டக் கேட்டா. நான்தான் அடுத்த கோடைல பாக்கலாம்னுட்டேன்."

அல்பினா கையை எடுத்துக்கொண்டாள். சட்டென்று இல்லை, மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய இடுப்பில் இருந்த கருவி ஏதோ இரைந்துவிட்டு அடங்கியது. இனி அவள் தன்னோடு பேச மாட்டாள் என்றே லாடி நினைத்தார். அது நியாயம் என்றும் நினைத்தார். கடைசியில் அவள் பேசியபோது அந்தக் குரலில் கோபம் இருந்ததா, வேறென்ன இருந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எப்படிக் கேட்டா?"

"கொட்டகைக்கு வந்தா. நான் டிராக்டருக்கு அடியில படுத்திருந்தேன். குனிஞ்சு ஃபாரத்த நீட்டினா. பேனாவும் கொண்டாந்திருந்தா."

"பேனாவா?"

"உன் மாவு டப்பா பக்கத்துல கெடக்குமே, அந்தப் பச்சைப் பேனா. நான் எந்திரிக்க வேண்டாம்னு ஒரு பலகையும் கொண்டாந்திருந்தா, அது மேல வச்சு எழுத."

அல்பினா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. லாடி எழுந்து அவள் பக்கம் போகலாமா என்று பார்த்தார். போக உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை, உட்கார்ந்தே இருந்தார். பிறகு அவள் கையை எடுத்தாள்.

"நீ மாட்டேன்னதும் என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல," என்றார் லாடி. "சரிப்பான்னா. பலகைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா."